விதவை என்று எழுதியிருந்தது, கணவர் உயிரோடு இருந்தார்: ஓர் எள்ளுப்பாட்டியின் மணநிலை பற்றிய நிகழ்வு ஆய்வு

என் அக்கா மகன் இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் குடியிருக்கிறான். மனைவி அந்த மண்ணின் பெண். குழந்தை பிறந்த பிறகு அவள் வழி வம்சாவளியைத் தொகுக்க ஆரம்பித்தான். ஒருநாள் இரவு போனில் கூப்பிட்டான்.

"மாமா, இவளோட எள்ளுப்பாட்டி ஒருத்தர். பத்து வருஷத்துக்கு ஒருதரம் ஒவ்வொரு மாதிரி இருக்காங்க. 1881 சென்சஸ்ல கல்யாணம் ஆனவங்க, 1891-ல விதவை, 1901-ல மறுபடியும் கல்யாணம் ஆனவங்க. சரி, முதல் புருஷன் செத்துட்டார், இன்னொருத்தரைக் கட்டிக்கிட்டாங்கன்னு வச்சுக்கலாம். ஆனா ரெண்டாவது கல்யாணத்துக்குப் பதிவே கிடைக்கல."

"முதல் கணவர் செத்ததுக்கு?"

"அது கிடைச்சிடுச்சு மாமா. 1885."

அந்த 1885 தான் என்னை உறுத்தியது. பழைய பதிவேடுகளைப் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். சென்சஸில் விதவை என்று பார்த்ததும் அதே பெயரில் ஒரு மரணத்தைத் தேடிப்பிடித்துக் கணக்கை நேர் செய்துவிடுவதுதான் இந்தத் தேடலில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னேன்.

பெயர்களை விட்டுவிடுகிறேன். முதல் கணவரை நெசவாளி என்றும், பின்னால் வந்தவரைத் தச்சர் என்றும் சொல்கிறேன்.

கையில் இருந்தது இவ்வளவுதான். 1871-ல் பிளாக்பர்னில் பெற்றோர் வீட்டில் 16 வயதுப் பெண், பஞ்சாலையில் தறி ஓட்டுபவர், மணமாகாதவர். 1875-ல் நெசவாளியுடன் திருமணம். சான்றிதழில் மணப்பெண் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி. 1881-ல் மறுபடி பெற்றோர் வீட்டில், உறவு 'மகள்', நிலை 'மணமானவர்', கூடவே நெசவாளியின் குடும்பப் பெயரோடு இரண்டு பிள்ளைகள். 1891-ல் பர்ன்லியில் தனிக்குடித்தனம்: 'குடும்பத் தலைவர்', 'விதவை', அந்த இரண்டு பிள்ளைகள், புதிதாக 2 வயதுப் பெண் குழந்தை ஒன்று, வாடகைக்குத் தங்கியிருக்கும் ஒரு தச்சர். 1901-ல் அதே தச்சரின் 'மனைவி'. 1911-லும் அப்படியே.

இங்கிலாந்து சென்சஸில் மணநிலைக்கு எப்போதும் இடம் இருந்ததில்லை. 1841 கணக்கெடுப்பில் அந்தக் கட்டமே கிடையாது, 1851-ல்தான் சேர்த்தார்கள். 1841 பட்டியலில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே குடும்பப் பெயரோடு அடுத்தடுத்து இருந்தால் கணவன் மனைவி என்று எடுத்துக்கொள்கிறோம். அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். இன்னொன்று: 1901 வரை நாம் பார்ப்பது குடும்பத்தார் நிரப்பிய தாள் இல்லை. வீட்டுக்கு வீடு தாள் கொடுத்து வாங்கிய கணக்கெடுப்பாளர், அதைப் பார்த்துத் தன் புத்தகத்தில் எழுதிய பிரதி. மூலத் தாள்களைப் பிறகு அழித்துவிட்டார்கள். 1911-ல் இருந்துதான் குடும்பத்தார் கைப்பட எழுதிய தாளே நமக்குக் கிடைக்கிறது. ஆகவே 1891-ன் 'விதவை' என்ற சொல்லுக்கும் நமக்கும் நடுவில் குறைந்தது இரண்டு பேர் நிற்கிறார்கள்: அதைச் சொன்னவர், அதைப் பார்த்து எழுதியவர்.

முதலில் 1885 மரணம். சான்றிதழை வரவழைத்திருந்தான், ஆனால் பெயரையும் வயதையும் மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தான். இறந்தவர் தொழில் நிலக்கரிச் சுரங்கம். அதுகூடப் பரவாயில்லை, ஒருவர் தொழில் மாறலாம். ஆனால் மரணத்தைத் தெரிவித்தவர் யார் என்று எழுதும் கட்டத்தில், 'இறந்தவரின் மனைவி, மரணத்தின்போது உடனிருந்தவர்' என்று வேறொரு பெண்ணின் பெயர் இருந்தது. இங்கிலாந்து இறப்புச் சான்றிதழில் ஓர் ஆணுக்கு மணமானவரா இல்லையா என்று தனிக் கட்டம் கிடையாது. தெரிவித்தவர் கட்டம்தான் அந்த வேலையைச் செய்கிறது. பெயரும் வயதும் பொருந்திய இவர் வேறு ஆள். நெசவாளி இன்னும் சாகவில்லை, நம் காகிதங்களிலாவது.

அடுத்து தச்சர். 1891-ல் அவரை இணையத்தில் படியெடுத்தவர்கள் 'மனைவியை இழந்தவர்' என்று போட்டிருந்தார்கள். அதை நம்பி, செத்துப்போன மனைவியை இவன் மூன்று மாதம் தேடியிருக்கிறான். நான் பட்டியலை மூடிவிட்டு மூலப் படத்தைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் மணமாகாதவருக்கு 'யூ' என்ற ஆங்கில எழுத்து, துணையை இழந்தவருக்கு 'டபிள்யூ'. இந்தக் கணக்கெடுப்பாளர் 'யூ' எழுதி முடிக்கும்போது பேனாவைத் தூக்காமல் வலப்பக்கம் ஒரு சுழி சுழிக்கிறார். அது பார்ப்பதற்கு 'டபிள்யூ' போலவே இருக்கிறது. எப்படி முடிவுசெய்வது? பர்ன்லி நெசவு ஊர். தொழில் கட்டத்தில் வரிக்கு வரி 'வீவர்', அதாவது நெசவாளி, என்ற சொல். அதன் முதலெழுத்தும் டபிள்யூ தான். ஒரே பக்கத்தில் அவர் கையால் எழுதிய பதினாறு டபிள்யூ கிடைத்தன. பதினாறிலும் நடுவில் கூர்மையான முனை இருந்தது. தச்சரின் எழுத்தில் முனை இல்லை, கீழே வளைவு மட்டும். எள்ளுப்பாட்டியின் கட்டத்தில் முனை தெளிவாக இருந்தது. ஆக, தச்சர் மணமாகாதவர். இல்லாத ஒரு மனைவியைத் தேடியது வீண்.

பழைய கையெழுத்தைப் படிக்கிறவர்கள் இதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். சந்தேகம் வந்த எழுத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் தெளியாது. அதே ஆள் அதே எழுத்தை, சந்தேகத்துக்கு இடமில்லாத சொல்லில் எப்படி எழுதியிருக்கிறார் என்று பக்கத்திலேயே தேடுங்கள்.

சரி, 1881. கணவர் வீட்டில் இல்லை என்பதால் பிரிந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. சென்சஸ் ஒரே ஓர் இரவின் கணக்கு. 1881-ல் அது ஏப்ரல் 3. அந்த இரவு யார் எந்தக் கூரைக்குக் கீழே படுத்திருந்தார்களோ அங்கேதான் எழுதப்படுவார்கள். கப்பலில் இருந்திருக்கலாம், இரவு வேலையாக இருந்திருக்கலாம், பிழைப்புத் தேடிப் போயிருக்கலாம். அதிலும் இது லங்காஷயர். 1878-ல் கூலியை 10 சதவீதம் குறைத்ததை எதிர்த்து அந்த வட்டாரத்து நெசவாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். பிளாக்பர்னில் கலவரமே நடந்தது. கடைசியில் தொழிலாளர்கள் தோற்றுப்போனார்கள். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அதே வருடம். வேலை தேடி வெளியூர் போன கணவன், தாய்வீட்டில் தங்கிய மனைவி என்றே நான் முதலில் எடுத்துக்கொண்டேன். ஒரு சின்னக் குறிப்பு இங்கே உதவும்: கணவர் தற்காலிகமாக வெளியே இருக்கும் வீட்டில் பெரும்பாலும் 'மனைவி' என்று எழுதி, தலைவர் வரியே இல்லாமல் விட்டிருப்பார்கள். 'தலைவர், மணமானவர்' என்று ஒரு பெண் இருந்தால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எள்ளுப்பாட்டி பெற்றோர் வீட்டில் இருந்ததால் இந்த அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை.

நெசவாளியைக் கண்டுபிடித்தது பிறந்த ஊர்க் கட்டத்தால்தான். பெயரோ மிகச் சாதாரணம். ஆனால் பிறந்தது ஒரு சின்னக் கிராமம், அதைத் திருமணத்துக்கு முந்தைய 1871 பட்டியலில் பார்த்துவைத்திருந்தோம். அந்தக் கிராமத்தையும் வயதையும் தொழிலையும் சேர்த்துத் தேடியபோது 1881-ல் வேறொரு பஞ்சாலை ஊரில் ஒரு வீட்டில் வாடகைக்குத் தங்கியவராகக் கிடைத்தார். மணநிலை: மணமாகாதவர். 1891-ல் மறுபடி கிடைத்தார், இன்னொரு தெருவில். இப்போது மனைவியை இழந்தவர். 1901-ல் ஏழையர் விடுதியில் இருந்தார். அங்கே மணமானவர்!

"ஒரே ஆள்தானா மாமா? மூணும் மூணு மாதிரி இருக்கே" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. மூன்று பேராகவும் இருக்கலாம் என்றுதான் நானும் வைத்துக்கொண்டேன், விடுதியின் பதிவேடு வரும்வரை. அதில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் ஒரு மகனின் பெயரும் பர்ன்லியில் ஒரு தெருவின் பெயரும் இருந்தன. அது 1901 சென்சஸில் தச்சரும் எள்ளுப்பாட்டியும் குடியிருந்த அதே தெரு. மகன் பெயர், 1876-ல் பிறந்த மூத்த பிள்ளையின் பெயர். இதற்குமேல் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது ஒவ்வொரு பதிலும் யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். குடும்பத்தைக் காப்பாற்றாமல் விட்டு, அவர்கள் ஊர்ப் பொது நிவாரணத்தை நம்பி நிற்கும் நிலைக்கு வந்தால், ஓடிப்போன கணவனைத் தண்டிக்க 1824-ம் ஆண்டு நாடோடிகள் சட்டத்தில் இடம் இருந்தது. பிள்ளைகுட்டியை விட்டுவிட்டு வந்து இன்னொரு ஊரில் அறை எடுத்தவர், வீட்டுக்காரம்மாவிடம் மனைவி இருக்கிறாள் என்று ஏன் சொல்லப்போகிறார்? பத்து வருடம் கழித்து, 36, 37 வயதில் மணமாகாதவர் என்பதைவிட மனைவியை இழந்தவர் என்பது கேள்வி வராத பதில். விடுதியில் கதை வேறு. அங்கே ஒருவரைச் சேர்க்கும்போது, அவரைப் பராமரிக்கச் சட்டப்படி கடமைப்பட்ட துணை இருக்கிறாரா என்று விசாரிப்பார்கள், செலவை அவர்களிடம் கேட்க. விடாமல் கேட்கிற இடத்தில் உண்மை வந்திருக்கிறது. என் அனுபவத்தில், மணநிலை விஷயத்தில் விடுதிப் பதிவேட்டுக்குச் சென்சஸைவிட அதிக மதிப்புக் கொடுக்கலாம்.

எள்ளுப்பாட்டி பக்கம் வருவோம். பொய் சொன்னார் என்று சொல்வதற்கு முன், அவருக்கு வேறு என்ன வழி இருந்தது என்று பார்க்க வேண்டும். விவாகரத்து 1858 தொடக்கத்திலிருந்து நீதிமன்றம் மூலம் கிடைத்தது. அதற்கு முன் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும். ஆனால் நீதிமன்றம் லண்டனில். செலவு ஒரு தறிக்காரப் பெண்ணால் நினைத்துப் பார்க்க முடியாதது. அதோடு கணவன், மனைவியின் பிறர் உறவை மட்டும் காட்டினால் போதும். மனைவியோ அதோடு கொடுமை, விட்டுச்செல்லல் போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு 1923-ல்தான் நீங்கியது. விட்டுச்சென்றது ஒன்றே விவாகரத்துக்குக் காரணமாக ஆனது 1937 சட்டத்தில். 1895 சட்டப்படி உள்ளூர் நீதிபதி பிரிந்துவாழ ஆணை தரலாம், ஆனால் அதை வைத்து மறுமணம் செய்ய முடியாது.

ஏழு வருடம் காணாமல் போனால் மறுமணம் செய்யலாம் என்று அந்தக் காலத்தில் பரவலாக நம்பினார்கள். அது பாதி உண்மை. 1861 சட்டத்தின் 57-வது பிரிவு, துணை ஏழு வருடம் தொடர்ந்து இல்லாமல், உயிரோடு இருப்பதும் தெரியாமல் இருந்தால், மறுமணம் செய்தவரை இருமண வழக்கில் தண்டிக்காது என்றுதான் சொன்னது. முதல் கணவர் உயிரோடு இருந்தால் அந்த இரண்டாவது திருமணம் செல்லாது என்பதில் மாற்றமில்லை. எள்ளுப்பாட்டி இந்த வழியையும் எடுக்கவில்லை. கணவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் எடுக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. ஆனால் ஏழையர் விடுதிக்கு மகனின் முகவரி தெரிந்திருக்கிறதே.

1891-ல் 'விதவை' என்றது யார் காதுக்கு? கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் உள்ளூர் ஆள்தான், எழுதப் படிக்கத் தெரிந்த அக்கம்பக்கத்துக்காரர். அவர் கையில் தாளைக் கொடுப்பது ஊரின் கையில் கொடுப்பது மாதிரி. புது ஊரில், இரண்டு வயதுக் குழந்தையோடு, வாடகைக்கு இருக்கும் ஆண் ஒருவரோடு வாழ்கிற பெண்ணுக்கு இருந்த ஒரே மரியாதையான சொல் அதுதான்.

அந்தக் குழந்தை 1888-ல் பிறந்தவள். என் மருமகள் முறையாகும் அந்தப் பெண்ணுக்குக் கொள்ளுப்பாட்டி. பிறப்புச் சான்றிதழில் தந்தை கட்டத்தில் ஒரு கோடு. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு, தந்தையும் நேரில் வந்து சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் அவர் பெயரை எழுதலாம் என்பது 1875 முதல் நடைமுறை. தச்சர் வரவில்லை, அல்லது வரக்கூடாது என்று முடிவுசெய்திருக்கிறார்கள். ஆனால் குழந்தைக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: முதல் பெயர், நடுப்பெயர், நெசவாளியின் குடும்பப் பெயர். நடுப்பெயர் தச்சரின் குடும்பப் பெயர். கட்டத்தில் எழுத முடியாததைப் பெயருக்குள் வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டதும் போனில் ஒரு நிமிடம் இருவரும் பேசவில்லை. 1901-ல் அவளுக்கு 12 வயது, அப்போது தச்சரின் பெயர்தான் குடும்பப் பெயர்.

இரண்டாவது திருமணப் பதிவு கிடைக்காததன் காரணம் இப்போது எளிது. இவன் 1881-க்கும் 1901-க்கும் நடுவில் மட்டும் தேடினான், 1901-ல் 'மனைவி' என்று இருந்ததால். நெசவாளி விடுதியின் மருத்துவப் பிரிவில் 1903-ல் இறந்தார். "அதுக்கு அப்புறம் தேடு" என்றேன். இன்னொன்றும் சொன்னேன்: கன்னிப்பெயரில் தேடாதே, நெசவாளியின் பெயரில் தேடு. 1912-க்கு முந்தைய திருமண அட்டவணையில் துணையின் பெயர் இருக்காது. ஆணையும் பெண்ணையும் தனித்தனியே எடுத்து, தொகுதி எண்ணும் பக்க எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். 1904-ன் மூன்றாம் காலாண்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. பதிவாளர் அலுவலகத்தில் நடந்த திருமணம். அவர் நிலை 'விதவை'. பெருக்கல் குறி இல்லை. பெயரை எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். 29 வருடத்தில் எங்கோ எழுதக் கற்றிருக்கிறார்.

சென்சஸில் 'மணமானவர்' என்று பார்த்தால், அதற்கு முன்பு மட்டும் திருமணத்தைத் தேடாதீர்கள், பின்னாலும் தேடுங்கள். முதல் துணையின் மரணத்துக்குப் பின் வரும் இரண்டு மூன்று வருடங்களில் கட்டாயம் பாருங்கள்.

இனி 1911 தாள். இதுதான் குடும்பத்தார் கைப்பட எழுதியது, தச்சர் கையெழுத்திட்டது. அந்த வருடம் மணமான பெண்களுக்குப் புதிதாகச் சில கேள்விகள் வைத்தார்கள்: இப்போதைய திருமணம் நடந்து எத்தனை முழு வருடம், அதில் உயிரோடு பிறந்த பிள்ளைகள், இப்போது இருப்பவர்கள், இறந்தவர்கள். விதவைகளும் மனைவியை இழந்தவர்களும் இதை நிரப்ப வேண்டியதில்லை, ஆனால் நிறையப் பேர் நிரப்பிவிட்டார்கள். அலுவலகத்தில் மையால் அடித்திருப்பார்கள். அடித்ததன் கீழே இருப்பதைப் படிக்கத் தவறாதீர்கள், வேறெங்கும் கிடைக்காத தகவல் அது.

எள்ளுப்பாட்டியின் வரியில் இருந்த அடித்தல் அலுவலகத்தார் போட்டது இல்லை. வருடங்கள் கட்டத்தில் முதலில் 6 என்று எழுதியிருக்கிறது. 1904 செப்டம்பரில் இருந்து 1911 ஏப்ரல் 2 வரை முழு வருடம் சரியாக ஆறுதான். அந்த ஆறின்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் 24. அதாவது 1887-லிருந்து, பெண் குழந்தை பிறப்பதற்கு முந்தைய வருடத்திலிருந்து. பிள்ளைகள் கட்டத்தில் 4, 3, 1. தச்சருக்குப் பிறந்தவை இரண்டே: 1888-ல் பெண், 1892-ல் பிறந்து சில மாதத்தில் போன ஆண். நான்கு என்றால் நெசவாளியின் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறார்கள். கேட்ட கேள்விக்கு இது தப்பான பதில். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை என்று கேட்டிருந்தால் சரியான பதில்.

இந்த 24-ஐ நம்பி ஒருவர் 1887 திருமணத்தைத் தேடினால் வாழ்நாள் முழுக்கத் தேடலாம். சட்டத்தின் முன் அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. பெற்றோர் பின்னால் மணந்தால் பிள்ளைக்கு முறையான பிறப்பு உரிமை தரும் சட்டம் இங்கிலாந்தில் 1926-ல்தான் வந்தது. அதிலும், குழந்தை பிறந்தபோது பெற்றோரில் ஒருவர் வேறொருவரை மணந்த நிலையில் இருந்தால் பொருந்தாது என்று விலக்கு வைத்தார்கள்; அதை 1959 வரை எடுக்கவில்லை.

குடும்ப வரைபடத்தில் எப்படிப் போடுவது என்று கேட்டான். 1875 திருமணம் ஒன்று, 1904 திருமணம் ஒன்று. நடுவில் 1887 முதல் தச்சரோடு சேர்ந்து வாழ்ந்தது, அதற்கான ஆதாரம் 1911 தாள் என்று தனி வரி. சென்சஸில் வந்த ஒவ்வொரு சொல்லையும் அந்தந்த வருடத்துக்கு எதிரே, யார் சொன்னது என்ற குறிப்போடு அப்படியே எழுதச் சொன்னேன். திருத்த வேண்டாம். 1885-ல் செத்த சுரங்கத் தொழிலாளியை எடுத்துவிடச் சொன்னேன். அவருக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்களும் ஒருநாள் தேடி வருவார்கள்.

1921 ஜூன் 19 கணக்கெடுப்பில் எள்ளுப்பாட்டி மகள் வீட்டில் இருக்கிறார், விதவை. தச்சர் அதற்கு முந்தைய வருடம் இறந்திருந்தார், சான்றிதழும் இருக்கிறது. விவாகரத்து என்ற பதிலுக்கு இடம் கொடுத்த முதல் சென்சஸும் அந்த 1921-தான்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. 1911 தாளில் பிள்ளைகள் கட்டத்தில் உள்ள 4 மேல்பக்கம் மூடியது. தச்சர் தாள் முழுக்க நான்கை அப்படித்தான் எழுதுகிறார். 24-ல் உள்ள 4 மட்டும் மேல்பக்கம் திறந்தது. 6-ஐ அடித்த கோடும் மற்ற கோடுகளைவிட அழுத்தமாக இருக்கிறது. 1904 பதிவின் மூலப் புத்தகத்தில் எள்ளுப்பாட்டி தன் கைப்படப் போட்ட கையெழுத்து இருக்கும், ஆனால் அதில் எண் எதுவும் எழுதியிருக்க மாட்டார். அவர் கையால் எழுதிய ஒரு 4 எங்காவது கிடைக்குமா என்று என் அக்கா மகன் மாமியார் வீட்டுப் பரணில் பழைய கடிதங்களைத் தேடிக்கொண்டிருக்கிறான்.